வேலை தேடுவோரின் நாட்குறிப்பு

கோலார் தங்கவயலில் பொழுது புலரும் முன்னரே மாரிகுப்பம் ரயில் நிலையத்தில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. சாம்பியன், உரிகாம், கோரமண்டல் என ஒவ்வொரு நிலையத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு விரையும் ரயில்களில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் பிரயாணம் செய்கின்றனர். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் சென்று, இரவில் அதே தொலைவு திரும்பி வருகின்றனர். இவர்களுள் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு வேலையில் உள்ளவர்களே. ஆயினும் அதே பெட்டியில், அதே சோற்றுப் பாத்திரத்தோடு, வேலைக்குச் செல்லாமல் வேலை தேடிச் செல்வோரும் அமர்ந்திருக்கின்றனர். முன்னவர் சென்றதற்குத் தொழிற்சாலையின் வருகைப் பதிவேடு சாட்சி. பின்னவர் சென்றதற்குச் சாட்சி யார்? நான்கு வாயில்களில் நின்று, இரண்டு மனுக்கள் கொடுத்து, “பிறகு சொல்லியனுப்புகிறோம்” என்ற விடையோடு வீடு திரும்பும் மனிதனுடைய அந்த ஒரு நாள் எவருடைய கணக்கிலும் ஏறுவதில்லை. அந்நாளைக் கணக்கில் ஏற்றுவது எவ்வாறு, ஏற்றுவதனால் விளையும் பயன் யாது என்பதே நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள்.

தங்கவயலை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்கத் தொழிலில் கால்வைத்த நாள்தொட்டு, வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய பக்கங்களிலிருந்து நம்மவர் குடும்பம் குடும்பமாக வந்து குடியேறினர். வந்தவர்க்கு வேலையும் சுரங்கத்தில், வீடும் சுரங்கத்தின் லைனில், மருத்துவமும் சுரங்கத்தின் ஆஸ்பத்திரியில். 1956-இல் மைசூர் அரசாங்கம் சுரங்கங்களை ஏற்றது. 1962-இல் மத்திய அரசாங்கம் பெற்றுக்கொண்டது. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் தோன்றியது. 2001 பிப்ரவரி மாத இறுதியோடு சுரங்கம் மூடப்பட்டது. ஒரே முதலாளியை நம்பி நின்ற ஊரில் அந்த ஒரு வாயில் அடைபட்டால் என்னவாகும் என்பதை, மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் பாறை உடைத்த மக்கள் அன்று நேரில் கண்டனர்.

சுரங்கம் நடந்த காலத்தில் தொழிலாளியின் நாட்களை எண்ணும் பொறுப்பு மஸ்டர் எனப்படும் வருகைப் பட்டியலுக்கு இருந்தது. அந்த எண்ணிக்கை வெறும் சம்பளக் கணக்கு மட்டுமன்று. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தின்படி, ஓராண்டில் 240 நாட்கள் உழைத்தவரே இடையறாத ஓராண்டுப் பணி உடையவர் எனக் கருதப்பட்டார். சுரங்கத்தினுள் பூமிக்கடியில் உழைப்போர்க்கு மட்டும் 190 நாட்களே போதும் எனச் சட்டம் சலுகை காட்டியிருந்தது. ஆட்குறைப்பு நேர்ந்தால் பணியாண்டு ஒன்றுக்குப் பதினைந்து நாள் சராசரி ஊதியம் என்ற ஈட்டுத்தொகை இந்த எண்ணிக்கையைப் பற்றியே நின்றது. 189 நாட்களுக்கும் 190 நாட்களுக்கும் இடையே உள்ள ஒரு நாள், ஓர் ஆண்டின் உரிமையையே அசைக்க வல்லதாக இருந்தது.

அச்சட்டத்தில் இன்னொரு விதியும் இருந்தது. நம் பொருளுக்கு அது மிக நெருங்கியது. 1953-இல் சேர்க்கப்பட்ட பிரிவுகளின்படி, மூலப்பொருள் இன்மையாலோ இயந்திரக் கோளாறாலோ வேலை கொடுக்க இயலாதபோது தொழிலாளிக்குப் பாதி ஊதியம் ஈடாகத் தரவேண்டும். ஆனால் தொழிலாளி குறித்த நேரத்தில் வாயிலுக்கு வந்து, “நான் வேலைக்கு ஆயத்தம்” என்று தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் வேலை தரப்படவில்லையாயின் அவர் லே-ஆப் செய்யப்பட்டவர் ஆவார். தொடர்ந்து நாள்தோறும் ஒரு முறையேனும் வந்து நின்றாலன்றி அந்த ஈடு கிடையாது. அவ்வாறு வருவோர் பெயரைக் குறிக்க மஸ்டர் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்றும் சட்டம் வகுத்தது. இச்சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. லே-ஆப் ஈடும் மஸ்டர் கடமையும் அதிலும் தொடர்கின்றன. வேலையில்லாத நாளிலும் வேலைக்கு வந்து நின்றதாகப் பதிவு இருந்தால்தான் உதவி உண்டு என்ற கொள்கை நம் நாட்டுக்குப் புதிதன்று என்பதற்காகவே இதனை இங்கு விரித்துக் கூறினோம்.

மஸ்டர் முதலாளியின் பெட்டியில் இருப்பது. வழக்கு என்று வரும்போது அது கிடைக்கும் என்பதற்கு உறுதி எங்கே? 2002-இல் கர்நாடக வனத்துறையைச் சார்ந்த ஒரு வழக்கில், 240 நாட்கள் வேலை செய்தேன் என்பதை மெய்ப்பிக்கும் சுமை தொழிலாளியையே சாரும் என்றும், அவர் தாமே எழுதித் தரும் பிரமாண வாக்குமூலம் மட்டும் அதற்குப் போதாது என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சம்பளச் சீட்டு, நியமன உத்தரவு முதலியன ஏதேனும் காட்டவேண்டும் என்பது அதன் கருத்து. எழுதப் படிக்கத் தெரியாத கூலியாள் அவற்றைக் காப்பாற்றி வைத்திருப்பாரா என்ற கேள்வி நம்முள் எழாமல் இல்லை. ஆயினும் தீர்ப்பு தீர்ப்பே. நம்முடைய நாட்களின் கணக்கு நம்மிடமும் ஒரு படி இருக்கவேண்டும் என்பது அன்றே தெளிவாகிவிட்டது.

பதிவு என்றாலே நம்மவர்க்கு ஓர் அச்சம் உண்டு. அது அடிப்படையற்ற அச்சமும் அன்று. 1930-ஆம் ஆண்டில் தங்கவயல் கம்பெனிகள் தொழிலாளர் அனைவரையும் கைரேகை வாங்கிப் பதிவு செய்ய முற்பட்டபோது, அதனை எதிர்த்துச் சுரங்கமே ஸ்தம்பிக்கும்படி வேலைநிறுத்தம் எழுந்தது. குற்றவாளிகளிடம் வாங்கும் ரேகையை எங்களிடம் வாங்குவதேன் என்ற மானக் கேள்வி ஒரு புறம். ஒரு சுரங்கத்தில் வேலை இழந்தவரை மற்றொன்றிலும் சேர்க்காமல் தடுக்க அது கருவியாகிவிடுமே என்ற கவலை மறு புறம். பிறர் நம்மைப் பற்றி எழுதி வைக்கும் ஏடு அது. நாம் சொல்ல வருவதோ நம்மைப் பற்றி நாமே எழுதும் ஏடு.

வெளிநாடுகளின் அனுபவத்தையும் சிறிது பார்ப்போம். பிரிட்டனில் 1921 முதல் 1930 வரை, வேலையற்றோர் உதவித்தொகை பெறுவோர் தாம் மெய்யாகவே வேலை தேடுவதாக அதிகாரிக்கு மெய்ப்பிக்க வேண்டும் என்ற விதி இருந்தது. சுரங்கங்களும் ஆலைகளும் மூடிக்கிடந்த ஊர்களில், இல்லாத வேலையைத் தேடி மனிதர்கள் வாயில் வாயிலாக நடந்தனர். எங்கெங்கே கேட்டோம் என்று சொல்லத் தெரியாதவர் உதவியை இழந்தனர். கண்டனம் வலுத்து 1930-இல் அவ்விதி நீங்கிற்று. பிற்காலத்தில் வேறு உருவில் அது மீண்டும் வந்தது. அமெரிக்காவில் இன்றும் பெரும்பாலான மாநிலங்களில், உதவி பெறுவோர் வாரந்தோறும் தாம் எவ்விடங்களில் வேலைக்கு முயன்றனர் என்பதைக் குறித்து வைத்து, கேட்டபோது காட்டவேண்டும். நிறுவனத்தின் பெயர், நாள், யாரைக் கண்டது, முடிவு என்ன என்பவை அக்குறிப்பில் இருக்கவேண்டும். அங்கே குடியேறிய நம்மவரும் இதனை அறிவர். வேலையே இல்லாத ஊரில் வாரம் இத்தனை வாயில் ஏறி வா என்று கட்டளையிடுவதை நாம் ஆதரிக்கவில்லை. அது உதவியன்று, அலைக்கழிப்பு. எனினும் அந்தக் குறிப்பின் அமைப்பு மட்டும் நமக்கு உதவும்.

இனி, கர்நாடகத்தில் வாழும் நம்மவர்க்கு உள்ள வழிகளைக் காண்போம். தொழிலாளர் அரசுக் காப்புறுதிச் சட்டம், அதாவது ஈ.எஸ்.ஐ., சுரங்கத் தொழிலாளர்க்கு உரியதாக இருக்கவில்லை. சுரங்கச் சட்டத்தின் கீழ் வந்த சுரங்கங்களை அது விலக்கியிருந்தது. ஆகவே 2001-இல் வேலை இழந்த தந்தைக்கு அந்த வழி இல்லை. ஆனால் அவருடைய மகனோ மகளோ பெங்களூரில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையிலோ இயந்திரப் பட்டறையிலோ ஈ.எஸ்.ஐ. பிடித்தத்தோடு வேலை பார்த்திருக்கலாம். 2005 ஏப்ரல் முதல் ராஜீவ் காந்தி பெயரால் ஒரு திட்டமும், 2018 ஜூலை முதல் அடல் பெயரால் ஒரு திட்டமும் அத்தகையோர்க்காக ஏற்பட்டன. பின்னதன்படி முதலில் சராசரி நாள் ஊதியத்தில் கால் பங்கு தரப்பட்டது. 2020-இல் அது பாதியாக உயர்ந்தது. வாழ்நாளில் 90 நாட்களுக்கு மட்டுமே கிட்டும் உதவி இது. வேலை இழப்பதற்கு முன் இரண்டு ஆண்டுகள் காப்புறுதியில் இருந்திருக்கவேண்டும். அதற்கு முந்திய சந்தாக் காலத்தில் 78 நாட்களுக்குக் குறையாமல் சந்தா செலுத்தப்பட்டிருக்கவேண்டும். எஞ்சிய மூன்று சந்தாக் காலங்களுள் ஒன்றிலும் அவ்வாறே. ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவர்க்கும் தாமே விலகி ஓய்வு பெற்றவர்க்கும் இது கிடைக்காது. மனுவை முன்னாள் முதலாளி வழியாக அனுப்பவேண்டும் என்பதில்லை. நேரே கிளை அலுவலகத்தில் கொடுக்கலாம். இத்திட்டம் குறித்த காலத்துக்கென வகுக்கப்பட்டு, அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வந்த ஒன்று. ஆதலின் மனு கொடுக்குமுன் காலக்கெடுவைக் கிளை அலுவலகத்தில் கேட்டறிந்து கொள்வது நலம்.

படித்து முடித்து இன்னும் வேலை கிடைக்காத இளைஞர்க்கு வேறொரு வழி உண்டு. கர்நாடக அரசின் யுவநிதித் திட்டத்துக்கான பதிவு 2023 டிசம்பரில் தொடங்கியது. 2024 ஜனவரி 12-இல் ஷிவமொக்காவில் முதல் தொகை வழங்கப்பெற்றது. பட்டதாரிக்கு மாதம் 3,000 ரூபாய், டிப்ளமா பெற்றவர்க்கு 1,500 ரூபாய், அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள் என அது அமைந்தது. தேர்ச்சி பெற்று 180 நாட்கள் ஆகியும் வேலையின்றி இருப்பவர்க்கே அது உரியது. தமிழ் பேசும் குடும்பம் என்பது தடையன்று; கர்நாடகத்தில் குடியிருப்பும் படிப்பும் உண்டா என்பதே கேள்வி. இதில் முக்கியமானது, “நான் வேலையில் இல்லை, மேற்படிப்பிலும் இல்லை” என்று அவ்வப்போது தாமே அளிக்கவேண்டிய உறுதிமொழி. உறுதிமொழி தவறினால் தொகை நின்றுவிடும். பொய்யுரைத்தால் வாங்கியதைத் திருப்பித் தரவேண்டி வரும். தமிழ்நாட்டிலும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு காத்திருந்தோர்க்கு ஓர் உதவித்தொகை உண்டு. ஆனால் அது அங்கே படித்து அங்கேயே வாழ்வோர்க்கு உரியது. எல்லை தாண்டி வந்த நம் குடும்பங்கள் இரண்டு கரையிலும் பெயர் எழுதி வைத்து, ஓரிடத்தில் பதிவு மறுக்கப்படும்போது திகைக்கின்றன.

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மேற்கூறிய திட்டங்களில் எதுவும், எங்கெங்கே வேலை தேடினாய் என்று ஏடு காட்டச் சொல்லி வற்புறுத்துவதில்லை. அவ்வாறாயின் ஏடு எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். இவை யாவும் நாட்களைப் பற்றிய திட்டங்கள். என்று வேலை நின்றது, அதன்பின் எத்தனை நாட்கள் சென்றன, இடையே கூலி வேலை ஏதும் செய்தாயா, என்று மனு கொடுத்தாய் என்பனவற்றுக்கு நாள் குறித்து விடை தரவேண்டும். ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து விடை தருவது எவ்வளவு கடினம் என்பது அலுவலகச் சாளரத்தின் முன் நின்றவர்க்குத் தெரியும். 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் இவ்வுண்மை அழகாக வெளிப்பட்டிருந்தது. வேலை கேட்டு மனு கொடுத்தவர்க்கு நாளிட்ட ரசீது தரவேண்டும். பதினைந்து நாட்களுக்குள் வேலை தராவிடில் உதவித்தொகை தரவேண்டும் என்று அது விதித்தது. ரசீது வாங்காதவர்க்குப் பதினைந்து நாள் என்றைக்குத் தொடங்கியது என்பதே ஐயமாயிற்று. வேலை கேட்டது உண்மை; கேட்ட நாளுக்குத்தான் சான்று இல்லை.

இனி ஏட்டின் அமைப்பைச் சொல்வோம். விலை குறைந்த பள்ளி நோட்டுப் புத்தகமே போதும். தனித் தாள்கள் வேண்டாம், அவை காணாமற் போகும். முதல் பக்கத்தில் உங்கள் பெயரை ஒவ்வொரு ஆவணத்திலும் உள்ளவாறே எழுதிக்கொள்ளுங்கள். வெளிமாநிலத் தமிழர்க்கு இது பெரிய தொல்லை. பள்ளிச் சான்றில் தந்தை பெயரின் முதலெழுத்து மட்டும் இருக்கும். குடும்ப அட்டையில் முழுப் பெயர் கன்னட எழுத்தில் வேறோர் ஒலியோடு இருக்கும். வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது வடிவம். எந்த ஆவணத்தில் எந்த வடிவம் என்பதை ஒரே பக்கத்தில் கண்டால், மனுவில் எதனை எழுதுவது என்ற குழப்பம் தீரும். அதன்கீழே காப்புறுதி எண், வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு எண், புதுப்பிக்கவேண்டிய நாள் ஆகியவை. அடுத்த பக்கத்தில் கடைசியாகச் செய்த வேலையின் விவரம்: சேர்ந்த நாள், நின்ற நாள், யார் நிறுத்தினார், என்ன காரணம் சொன்னார். ஒப்பந்தக்காரர் வாயால் சொல்லி நிறுத்திவிட்டால், அவர் சொன்ன சொற்களையே அன்றிரவே எழுதிவிட வேண்டும்.

மூன்றாம் பக்கம் முதல் நாட்குறிப்பு. ஒரு மாதிரி தருகிறோம். “மார்ச் 4, செவ்வாய். காலை ரயில், ஒயிட்பீல்டில் இறக்கம். பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எலெக்ட்ரீஷியன் வேலைக்கு மனு. வாயிற்காவலர் ஏட்டில் என் பெயர் 17-ஆவது. மேற்பார்வையாளரைப் பார்த்தேன், ஐ.டி.ஐ. சான்றின் நகல் வாங்கிக்கொண்டார். திங்களுக்குள் தகவல் என்றார். மாலையில் வேறொரு பட்டறை; ஆள் வேண்டாம் என்றனர். செலவு 90 ரூபாய்.” இவ்வளவே. நிறுவனத்தின் பெயரையும் இடத்தையும் முழுமையாக எழுதவேண்டும். யாரிடம் பேசினோம் என்பதில் பெயர் தெரியாவிட்டால் பதவியையேனும் குறிக்கலாம். கைப்பேசி வழியே விண்ணப்பித்திருந்தால் அது தரும் எண்ணை அந்தக் கணமே ஏட்டில் இறக்கிவிட வேண்டும். கைப்பேசி கெட்டால் எண்ணும் கெடும். செலவை எழுதுவது வீண் என்று சிலர் கருதலாம். ஒரு மாதத்தின் முடிவில், எத்திசையில் அலைவது பயனற்றது என்பதைச் செலவுக் கணக்கே காட்டிவிடும்.

எந்த மொழியில் எழுதுவது? தமிழிலேயே எழுதுக. நாள், எண், நிறுவனத்தின் பெயர் இவற்றை மட்டும் அலுவலகத்தார் படிக்கும்படி கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம். எழுதத் தெரியாத பெரியவர்க்குப் பள்ளி செல்லும் பேரப்பிள்ளை இரவில் ஐந்து நிமிடம் உதவினால் போதும்.

தேடாத நாட்களை என்ன செய்வது? அவற்றையும் எழுதவேண்டும். “காய்ச்சல்”, “மழை”, “கையில் ரயில் கட்டணம் இல்லை” என்பவை இழிவான குறிப்புகள் அல்ல. ஒரு நாள்கூட இடைவெளி இல்லாத ஏடு ஒரே இரவில் எழுதியதோ என்ற ஐயத்தைத் தரும். அவ்வாறே, இரண்டு நாள் கட்டட வேலைக்குச் சென்று கூலி வாங்கியிருந்தால் அதனையும் மறைக்காமல் எழுதுக. அந்த இரண்டு நாட்கள் உதவித்தொகையைப் பாதிக்குமா என்பதைத் திட்ட அலுவலகத்தில் கேட்டு, கேட்ட நாளையும் வந்த விடையையும் அதன் கீழே குறித்துவிடுங்கள். மறைத்த இரண்டு நாள் பின்னர் வெளிப்பட்டால், மெய்யான நூறு நாட்களையும் அது கெடுத்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு கொள்வோம். ராபர்ட்சன்பேட்டையில் வாழும் பெண்ணொருத்தி மூன்றாண்டு ஆடைத் தொழிற்சாலையில் தைத்தவள், தொழிற்சாலை மூடப்பட்டது. ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் மனு கொடுக்கிறாள். ஒரு சந்தாக் காலத்தில் 78 நாட்கள் நிறையவில்லை என்ற விடை வருகிறது. அவளிடம் ஏடு இல்லாவிடில் அங்கேயே பேச்சு முடிந்தது. ஏடும் சம்பளச் சீட்டுகளும் இருந்தால், எந்த மாதத்தில் எத்தனை நாள் உழைத்தாள், எத்தனை நாளுக்குப் பிடித்தம் செய்தனர் என்று விரல் வைத்துக் காட்டலாம். பிடித்தம் செய்த பணம் கணக்கில் வராதிருந்தால் அது அவள் பிழையன்று. விசாரிக்க வேண்டியவர் வேறு. ஏடு ஒன்றே மனுவை வென்றுவிடும் என்று நாம் கூறவில்லை. முன்னே கூறிய தீர்ப்பின்படி, தன் கையால் எழுதியது மட்டும் முழுச் சான்றாகாது. எந்த ரசீதை, எந்தச் சீட்டை, எந்த ஏட்டிலுள்ள வரிசை எண்ணைத் தேடவேண்டும் என்று அது வழிகாட்டும். ஆதலின் ரசீதுகளை அந்தந்தப் பக்கத்திலேயே ஒட்டிவைப்பது நன்று.

பணத்துக்கு அப்பாலும் ஒன்று உண்டு. வியன்னாவுக்கு அருகில் மாரியந்தால் என்னும் சிற்றூர். தங்கவயலைப் போலவே ஒரே தொழிற்சாலையை நம்பிய ஊர். அங்கிருந்த நெசவாலை 1930-ஐ ஒட்டி மூடப்பட்டது. ஆராய்ச்சியாளர் சிலர் அங்கே சென்று ஊராரின் வாழ்வை ஆராய்ந்து 1933-இல் நூலாக வெளியிட்டனர். ஆண்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, அன்றைய பொழுதை மணிவாரியாக எழுதச் சொன்னார்கள். எழுந்த நேரம், உண்ட நேரம், உறங்கிய நேரம் இவற்றைத் தவிர வேறொன்றும் பலருக்கு நினைவில் இல்லை. ஓய்வு மிகுந்தும் நூல் நிலையத்தில் வாங்கிப் படிப்போர் குறைந்தனர். தெருவில் நடக்கும் வேகம்கூடத் தளர்ந்தது. வேலை போனபின் பொழுதே கையிலிருந்து நழுவிவிடுகிறது. ஷிப்டுக்குச் சங்கு ஊதிய ஊரில் சங்கு நின்றபின் நேர்ந்ததை நம் பெரியோர் பலரும் இவ்வாறே சொல்லக் கேட்டிருக்கிறோம். நாளின் முடிவில் நான்கு வரி எழுதுபவன், காலையிலேயே அந்த நான்கு வரிக்கு என்ன எழுதுவது என்று எண்ணத் தொடங்கிவிடுகிறான். வீட்டாருக்கும் அது ஒரு செய்தி. நாள் முழுதும் எங்கே சுற்றினாய் என்று கேட்கும் தந்தையின் முன் மகன் வாய் திறந்து பேசவேண்டியதில்லை. ஏட்டை மேசைமேல் வைத்தால் போதும்.

வேலை கிடைத்த அன்று செய்யவேண்டியதும் ஒன்று உண்டு. பலர் அதனை மறந்து பின்னர் வருந்துகின்றனர். சேர்ந்த நாள், நிறுவனம், ஊதியம் ஆகியவற்றை எழுதிக் கோடிட்டு, உதவித்தொகை பெறுபவராயின் அம்மாதமே உரிய அலுவலகத்துக்கு அறிவித்து, அறிவித்ததற்கான எண்ணையும் அக்கோட்டின் கீழ் எழுதுங்கள். பின்னர் நோட்டுப் புத்தகத்தைப் பள்ளிச் சான்றுகளோடு பெட்டியில் வையுங்கள். எழுதாத பக்கங்களைப் பிள்ளைகளின் கணக்குக்குக் கிழித்துவிட வேண்டாம். புது வேலையின் சம்பளச் சீட்டுகளை ஒட்டுவதற்கு அவை வேண்டியிருக்கும்.